பதினோராம் அத்தியாயம்

எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்களைக் கண்டாலே அவனுக்குக் குமட்டும். பதிப்பாளர் அவர்களுக்கெல்லாம் அண்ணன். பிஸ்கட்டை டீயில் நனைப்பார், அது பாதியில் அறுந்து உள்ளே விழும், ஆள்காட்டி விரலை விட்டுத் துழாவி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார், பிறகு அதே விரலால் அவனுடைய நாவலின் அடுத்த தாளைத் தள்ளுவார். வருஷக்கணக்கில் உயிரைக் கொடுத்து எழுதிய தாள்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் டீக்கறை ஏறிக்கொண்டே வந்தது. அவன் எதிரே நாற்காலி நுனியில் உட்கார்ந்து, உள்ளே பல்லைக் கடித்துக்கொண்டு, வெளியே சிரித்த முகமாக இருந்தான்.

சிரிக்காமல் என்ன செய்வது? இந்த மனுஷரை விட்டால் வேறு நாதி கிடையாது. ஒரு பதிப்பகம் பிரிக்காமலே திருப்பி அனுப்பியது. இன்னொன்று தொலைத்தே விட்டது, கேட்டதற்கு ‘நீங்கள் கொடுத்தீர்களா?’ என்று அவனையே கேட்டது. இவர் ஒருவர்தான் வரச் சொல்லி, உட்காரச் சொல்லி, டீயும் சொன்னார்.

ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தான் அவன். மீசை முளைத்த கையோடு வீட்டை விட்டுக் கிளம்பியவன். கப்பல் சமையற்கட்டில் உருளைக்கிழங்குத் தோல் சீவினான். கோழி வெட்டும் தொழிற்சாலையில் நாளெல்லாம் குடல் உருவினான். லாட்ஜில் அடுத்தவன் புரண்ட படுக்கையைத் தட்டிப் போட்டான். லாரியில் கிளீனராகத் தொற்றிக்கொண்டு எல்லை எல்லையாகப் போனான். எந்த வேலையிலும் முழுசாக நின்றது கிடையாது, பாதியில் கழற்றிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான். வீட்டில் அவனுக்கு ‘ஊர்சுற்றி’ என்றே பெயர். கடைசியில் பெட்டியும் கையுமாகத் தங்கச்சி வீட்டு மாடி அறைக்கு வந்து சேர்ந்து, தண்ணீர்த் தொட்டி பக்கத்தில் மேசை போட்டு எழுத ஆரம்பித்தபோது, தங்கச்சி புருஷன் தினமும் படியேறி வந்து கேட்பார்: “என்ன மச்சான், கதையை நீங்க முடிச்சாச்சா, இல்ல கதை உங்களை முடிச்சிடுச்சா?”

இந்த ஒன்றையாவது முடிக்க வேண்டும் என்பது அவனுக்கு வெறியாகவே ஆகிவிட்டது. அட்டை போட்டு, பெயர் போட்டு, ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். இத்தனை வருஷம் இத்தனை ஊர் நாறியதற்கு ஏதோ ஒரு கணக்கு வேண்டாமா?

பதிப்பாளர் கடைசித் தாளையும் தள்ளிவிட்டு, பல் குத்தும் குச்சியை எடுத்தார்.

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க சார். நடை நல்லா இருக்கு. ஆனா ஒண்ணும் நடக்கலையே. துணி பிரிக்கிறாங்க, சண்டை போடுறாங்க, திரும்பத் துணி பிரிக்கிறாங்க. ஃபேனுக்குக் கீழே யார் உக்காருறதுன்னு ஒரு அத்தியாயம் முழுக்க!”

“அங்க அதுதான் சார் நடந்துச்சு.”

“நடந்தது கிடக்கட்டும். நீங்க ஆஸ்பத்திரி ரத்தத்துல கையை விட்டு அலசினவர். இதுல அந்த நாத்தம் எங்க? எனக்கு நாத்தம் வேணும் சார். வாசகன் மூக்கைப் பொத்தணும்.” குச்சியின் நுனியில் வந்ததை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேசை ஓரத்தில் தேய்த்தார்.

நாற்றம் வேண்டுமாம். ஏ.சி. அறையில் உட்கார்ந்து ஊதுபத்தி கொளுத்தி வைத்துக்கொண்டிருக்கிற ஆளுக்கு நாற்றத்துக்குத் தவிப்பு. சந்தையில் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசுகிற மாதிரி, இன்னும் கொஞ்சம் சொத்தையாகக் கிடைக்குமா என்று கேட்கிறார். அவனுக்கு அருவருப்பில் உடம்பு கூசியது. எழுந்து போயிருக்க வேண்டும். போகவில்லை. ‘என்னிடமா இல்லை?’ என்று ஒரு ரோஷம் வந்தது பாருங்கள், அந்த ரோஷம்தான் அவனைக் கெடுத்தது.

நாவல் நடக்கிற இடம் வெளிநாட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். அவன் ஓரளவு நிலைத்து நின்ற ஒரே வேலை அது. வார்டுகளின் அழுக்குத் துணியெல்லாம் பைகளில் கீழே வரும். நீள மேசையைச் சுற்றி நின்று பிரித்து, எது எந்த எந்திரத்துக்கு என்று தள்ளுவார்கள். ரத்தம் பட்டது சிவப்புப் பையில் வரும். படுக்கை விரிப்பைப் பார்த்தே ‘இந்த ஆள் நாளைக்கு வீட்டுக்குப் போவான், இந்த ஆள் மேலே போவான்’ என்று சொல்லிவிடுகிற ஒருவர் இருந்தார். அவருக்கு ‘டாக்டர்’ என்று பட்டப்பெயர். ஆனால் அந்த மேசைக்குத் தலை என்றால் அக்காதான். அவளைவிட மூத்தவரான டாக்டரே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

புதிதாக வருகிறவனுக்குக் கையுறை கொடுப்பதற்கு முன்னால் அக்கா ஒன்று சொல்லிவிடுவாள். பையில் என்ன வந்தாலும் வார்டுக்குத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், வெளியே போய் வாயைத் திறக்கக் கூடாது. பல்செட்டு வரும், மோதிரம் வரும், சில நாள் சொல்லக் கூசுகிறதும் வரும். பெண்டாட்டியிடம்கூடச் சொல்லக் கூடாது. யாரும் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை. ஆனால் அதை மீறிய ஒருவனோடு மேசையில் யாரும் பேசாமலே இருந்து, அவனாக வேலையை விட்டுப் போகும்படி செய்தார்கள்.

ஒரு நாள் காலை, மற்றவர்கள் டீ குடிக்கப் போயிருந்த நேரம், பிரசவ வார்டிலிருந்து வந்த சிவப்புப் பையைத் தூக்கியதும் அக்காவின் கை நின்றுவிட்டது. துணியின் கனம் அவளுக்குத் தெரியும். இது துணியின் கனம் இல்லை. பிரித்தாள். இறந்து பிறந்த பெண் குழந்தை. சுற்றி வண்டி மேல் வைத்திருந்ததை, ஷிஃப்ட் மாறுகிற அவசரத்தில் யாரோ அழுக்குத் துணி என்று மூட்டையில் அள்ளியிருக்கிறார்கள். அக்கா அழவில்லை, கத்தவில்லை. “சுத்தமான தண்ணி கொண்டா” என்றாள், அவ்வளவுதான். துடைத்தாள், அலமாரியிலிருந்து புதுத் துவாலை ஒன்றை எடுத்துச் சுற்றினாள், பின்படிக்கட்டு வழியாகத் தானே தூக்கிக்கொண்டு போய் நர்ஸிடம் கொடுத்தாள். திரும்பி வந்து அடுத்த பையைப் பிரித்தாள். பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

நாவலில் இது இல்லை. வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டிருந்தான். இப்போது பல்குத்திக்கொண்டிருந்த ஒரு மனுஷர் முன்னால், தன்னிடமும் சரக்கு இருக்கிறது என்று காட்டுவதற்காக, அதை முழுசாகச் சொல்லி முடித்தான்.

பதிப்பாளரின் கையில் குச்சி அப்படியே நின்றது. முகத்தில் துக்கம் வரும் என்று அவன் எதிர்பார்த்திருந்தான். வந்தது பசி.

“சார்!” என்றார். “இதை வச்சுக்கிட்டா ஃபேன் கதை எழுதிக்கிட்டு இருக்கீங்க? இதுதான் சார் நாவல். இதை எழுதிக் கொண்டாங்க, அடுத்த வாரமே அச்சுக்கு அனுப்பிடுறேன். இது இல்லைன்னா மன்னிச்சிடுங்க, என்னால முடியாது.”

அக்கா இப்போது வேலையை விட்டு ஊர் திரும்பி, அவன் இருந்த அதே நகரத்தில், மகன் வீட்டில் இருந்தாள். பேருந்து ஏறிப் போய்ப் பார்த்தான். அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றாவது மாடி, முன்னறை முழுக்கக் கொடி கட்டித் துணி காய்ந்தது. அக்கா கட்டிலில் உட்கார்ந்து வீட்டுத் துணியை மடித்துக்கொண்டிருந்தாள். அவள் மடிக்கிற வேகம் குறையவில்லை, மருமகள் மடித்ததை மறுபடி பிரித்து மடிக்கிற குணமும் போகவில்லை.

“வா தம்பி. நாவல் எழுதுறியாமே! எங்களைப் பத்தியா?” அவளுக்கு ஒரே பூரிப்பு. “டாக்டர் வர்றாரா அதுல? என்னை நல்லவளா எழுதியிருக்கியா, இல்ல வாயாடின்னா?”

“வாயாடின்னுதான்” என்றான். இருவரும் சிரித்தார்கள். டீ வந்தது, அதைக் குடித்து முடிக்கிறவரை அவனால் விஷயத்துக்கு வர முடியவில்லை. பிறகு ஒருவழியாகக் கேட்டான். அந்தக் காலையை எழுதலாமா என்று.

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

“வேண்டாம்.”

“பேர் எதுவும் போட மாட்டேன்க்கா. உங்களை நல்லவிதமாத்தான்…”

“என்னை விடு. என்னை எப்படி வேணா எழுதிக்கோ. அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்னு நினைக்கிற? குழந்தை போயிடுச்சுன்னு தெரியும். அது எங்க போயிட்டு வந்துச்சுன்னு தெரியாது. ரத்தத் துணியோட ரத்தத் துணியா மூட்டையில கெடந்துச்சுன்னு தெரியாது. அதுக்குத்தானே நான் படியேறி ஓடினேன்? ஒரு தாய்க்கு ஒரு துக்கம் போதும் தம்பி. இன்னொண்ணை நீ கொண்டு போய்க் கொடுக்காத.”

அவன் தலையாட்டினான். எழுத மாட்டேன் என்று வாயாலும் சொன்னான். அக்கா ஒரு பையில் பழம் போட்டுக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினாள்.

ஒரு வாரம் நல்லவனாக இருந்தான். அந்த வாரத்தில் தங்கச்சி புருஷன் படியேறி வந்து, மாடி அறையைக் கல்லூரி மாணவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று ஒரு யோசனை இருப்பதாக, யாரிடமோ சொல்வது போல ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். பதிப்பாளர் இரண்டு தடவை போன் செய்தார். அவனோ மேசை முன்னால் உட்கார்ந்து, எழுதாமல் இருப்பதற்கே படாதபாடு பட்டான். எழுதக் கூடாது என்று நினைக்க நினைக்க, முதல் வரி தானாக வந்து நின்றது. நல்ல வரி. சனியன், அத்தனை வருஷத்தில் அவனுக்கு வந்த ஆக நல்ல வரி.

அப்போதுதான் அந்தப் புத்திசாலித்தனம் பிறந்தது. நாட்டை மாற்றிவிட்டால்? வருஷத்தை மாற்றிவிட்டால்? ஆஸ்பத்திரிக்குப் பெயரே வைக்காமல் விட்டால் எந்தத் தாய்க்கு இது தன்னுடையது என்று தெரியப்போகிறது? வெயிலை மழையாக்கினான், காலையைச் சாயங்காலமாக்கினான். அக்காவின் வயதைக் குறைத்தான். அந்த ஒரே ஒரு பெண்ணை மறைக்க வேண்டும், அவ்வளவுதானே! வழக்கில் ஓட்டை கண்டுபிடித்த வக்கீல் போலத் தன்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டு ஒரே மூச்சில் எழுதினான்.

பதிப்பாளர் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். “பிரமாதம். ஆனா அந்த அம்மா கல்லு மாதிரி நிக்கிறாங்களே சார்? ‘தண்ணி கொண்டா’ன்னா போதுமா? கொஞ்சம் அழட்டும். ஒரு தாலாட்டு பாடட்டும்.”

“அவங்க பாடல சார்.”

“நாவல்ல பாடட்டுமே. யார் கேக்கப் போறா?”

பாட வைத்தான். தாலாட்டை அவனே எழுதினான். எழுதும்போது அவனுக்கே கண் கலங்கியது, அதை நினைத்து அவனுக்கே வாந்தி வந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனுஷனுக்கு வரும் என்பது அவனுக்கு அதற்கு முன் தெரியாது. கோழிக் குடல் உருவிய நாட்களில்கூடச் சோப்புப் போட்டுக் கழுவினால் சாப்பிட உட்கார முடிந்தது. அன்று அவன் சாப்பிடவில்லை. தங்கச்சி தட்டோடு மாடிக்கு வந்து, “உடம்பு சரியில்லையாண்ணா?” என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஒன்றுமில்லை, நாவல் முடிந்துவிட்டது என்றான். அவள் அழுதுவிட்டாள், சந்தோஷத்தில்.

புத்தகம் வந்தது. பத்தாம் அத்தியாயத்துக்கு அடுத்து அதைச் செருகியிருந்தார்கள். அச்சு மை வாசனையோடு முதல் பிரதியைக் கையில் எடுத்தபோது அவன் எதிர்பார்த்திருந்த ஆனந்தம் வரத்தான் செய்தது, பொய் சொல்வானேன். ஒரு பிரதியை அக்காவுக்கு அனுப்பக் கை வரவில்லை. ஆனால் அவள் மருமகள் எங்கோ வாங்கிப் படித்துக் காட்டியிருக்கிறாள். அதன் பிறகு அக்கா அவன் போனை எடுக்கவில்லை. வீட்டுக்குப் போனான். மருமகள் கதவைப் பாதி திறந்து, “அத்தை தூங்குறாங்க” என்றாள். உள்ளே துணியை உதறி உதறி மடிக்கிற சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

பாராட்டு விழா வைத்தார்கள். மண்டபத்தில் கூட்டம். மேசைத் துணி, பூங்கொத்து, தண்ணீர் பாட்டில், மைக்கைத் தட்டித் தட்டிப் பார்க்கிற ஒருவர். பேச வந்தவர்கள் ஒருவர் விடாமல் பதினோராம் அத்தியாயத்தையே பிடித்துக்கொண்டார்கள். ஃபேன் அத்தியாயத்தைப் பற்றி யாரும் மூச்சுவிடவில்லை. ஒரு பேராசிரியர் அதை ‘மலத்தில் மலர்ந்த மானுடம்’ என்றார், கைதட்டல் அடங்க நேரமானது. ஒரு பாடகி அந்தத் தாலாட்டுக்கு மெட்டுப் போட்டுக்கொண்டு வந்து கண்ணை மூடிப் பாடினாள். முன் வரிசையில் ஒருவர் பாட்டு முழுவதையும் போனில் படம் பிடித்துவிட்டு, முடிந்ததும் கைக்குட்டையால் போனின் திரையைத் துடைத்துக்கொண்டார். தங்கச்சி புருஷன் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் “நம்ம மச்சான்தான், என் வீட்டு மாடியிலதான் எழுதினார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சீ என்று இருந்தது அவனுக்கு. சுற்றிலும் செண்ட் மணக்க மணக்க உட்கார்ந்துகொண்டு, ஒரு பிணத்தை மடிமாற்றி மடிமாற்றிக் கொஞ்சுகிறார்கள். ஆனால் அவர்களை மட்டும் என்ன சொல்வது? மூட்டையைப் பிரித்து மேசையில் வைத்தவன் அவன்தானே. அவன் எழுந்து நின்று ஏற்புரை வழங்கினான், நன்றாகவே பேசினான்.

பிறகு கையெழுத்து வாங்க வரிசை நின்றது. பதிப்பாளர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகமாகப் பக்கம் திருப்பி நகர்த்திக் கொடுத்துக்கொண்டிருந்தார். வேலைக்குப் போய்விட்டு நேராக வந்த மாதிரி, தோளில் கைப்பையோடு ஒரு பெண் முறை வந்ததும் புத்தகத்தை நீட்டாமல் நின்றாள். நாற்பது வயது இருக்கலாம்.

“சார், இது நெசமா நடந்ததா?”

அவன் வாயைத் திறப்பதற்குள் பதிப்பாளர் முந்திக்கொண்டார். “அப்பட்டமான உண்மைம்மா. சார் கண்ணால பார்த்தது.”

“எந்த ஆஸ்பத்திரி சார்? அதை மட்டும் போடலையே.”

“அது… வெளிநாட்டுல எங்கேயோம்மா. கொஞ்சம் கற்பனையும் இருக்கு.”

“இல்ல சார், நான் வெளிநாட்டுலதான் இருந்தேன். என் வீட்டுக்காரருக்கு அங்கதான் வேலை.” குரலில் அழுகை இல்லை. ஆபீசில் விவரம் சொல்கிற மாதிரி சொன்னாள். “எனக்குக் குழந்தை தங்கல. ரொம்ப நேரம் காட்டவே இல்லை. கேட்டுக்கிட்டே இருந்தேன். அப்புறம் ஒரு நர்ஸ் தூக்கிட்டு வந்து தூரமா நின்னு காட்டினாங்க. வார்டு துணியில சுத்தல சார், புதுத் துவாலை. மடிப்புகூடக் கலையல. ஏன் புதுத் துவாலைன்னு இத்தனை வருஷமா எனக்குத் தோணவே இல்லை. பாவம், நல்லவங்கன்னு நினைச்சேன். உங்க புத்தகத்தைப் படிச்சப்புறம்தான்…”

அவன் நாட்டை மாற்றினான், வருஷத்தை மாற்றினான், மழை பெய்ய வைத்தான். ஒரே ஒரு தாய்க்கு நடந்ததை ஊர் பெயர் இல்லாமல் ஆக்கி, பிள்ளையைப் பறிகொடுத்த அத்தனை தாய்க்கும் பங்கு போட்டுக் கொடுத்திருக்கிறான். அவள்தானா இவள்? தெரியாது. இவளாக இருக்க வேண்டியதே இல்லை, அதுதான் கொடுமை.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார்” என்றாள். “அது பையனா, பொண்ணா? நீங்க எழுதல.”

வரிசையில் பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பெண் என்று உண்மையைச் சொல்லி, இவளுக்கும் பெண்ணாக இருந்துவிட்டால்? மாற்றிச் சொன்னால் தப்பித்தாலும் தப்பிக்கலாம். அக்காவுக்குக் கொடுத்த வாக்கில் ஒட்டிக்கொண்டிருக்கிற இந்த ஒரு துணுக்கையாவது காப்பாற்றலாம். பொய் சொல்வதற்கு இப்போது அவன் நாக்குக்குச் சிரமமே இருக்கவில்லை.

“பையன்ம்மா” என்றான்.

அவள் தலையை மெதுவாக ஆட்டினாள். “எனக்கும் பையன்தான் சார்.”

“இல்ல…” என்று அவன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான். “இல்லம்மா, நான் பொய் சொல்லிட்டேன். பொண்ணு. பொண்ணுதான். நான் பக்கத்துல நின்னு பார்த்தேன்ம்மா, சத்தியமா. அது பெண் குழந்தை.”

பதிப்பாளர் அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தார். அந்தப் பெண் அவனை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. ஆறுதல் சொல்ல வந்த ஒரு நல்ல மனுஷனைப் பார்க்கிற மாதிரி, நன்றியோடு பார்த்தாள்.

“பரவாயில்ல சார்” என்றாள். “எனக்காக மாத்திச் சொல்ல வேண்டாம்.”

கையெழுத்து வாங்காமலே புத்தகத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு நகர்ந்தாள்.